சொல்லெல்லாம் தெரிகிறது, வாக்கியம் புரியவில்லை: ஆங்கிலச் சிக்கலை அவிழ்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் பிளஸ் டூ படித்தபோது அப்பாவுக்கு ஒரு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அதில் ஒரு வரி: "ஷுட் யூ விஷ் டு கன்டினியூ தி டெபாசிட், ப்ளீஸ் ஸைன் தி என்க்ளோஸ்ட் ஃபார்ம்." 'ஷுட்' என்றால் 'வேண்டும்' என்று பள்ளியில் படித்திருந்தேன். "டெபாசிட்டைத் தொடரணுமாம்ப்பா, கையெழுத்துப் போடச் சொல்லியிருக்காங்க" என்றேன். அப்பா என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அக்கா கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது. பிறகு வட்டியை இழந்துதான் அதை வெளியே எடுக்க முடிந்தது. கடிதம் உண்மையில் சொன்னது, "டெபாசிட்டைத் தொடர விரும்பினால் கையெழுத்திடுங்கள்" என்பதைத்தான். 'விரும்பினால்' என்பதில் இருக்கும் அந்த 'ஆல்' என் கண்ணில் படவே இல்லை.

அந்த வரியில் அகராதியைப் புரட்ட வைக்கும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தோடு போராடும் பலருக்கும் இதுதான் நிலை. சொற்களை மனப்பாடம் செய்கிறோம், ஆனால் வாக்கியம் கட்டப்பட்ட விதத்தைப் பார்க்கப் பழகுவதில்லை. இந்த வழிகாட்டி அந்தக் கட்டுமானத்தைப் பற்றியது. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். எழுதும் கைக்குப் பிடிபடுவது படிக்கும் கண்ணுக்குப் பல நேரம் பிடிபடாது.

முதலில் ஒரு அடிப்படை. தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ஒரு பெயரைப் பற்றிய விவரமெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னாலேயே வந்துவிடும். 'நேற்று கடையில் நான் வாங்கிய புத்தகம் கிழிந்திருக்கிறது' என்கிறோம். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், விவரம் வால் மாதிரி பின்னால் தொங்கும்: "தி புக் ஐ பாட் அட் தி ஷாப் யெஸ்டர்டே இஸ் டோர்ன்." புத்தகத்துக்கும் அது கிழிந்திருப்பதற்கும் நடுவில் அந்த வால் முழுவதும் நுழைந்துவிடுகிறது. சிக்கலான ஆங்கில வாக்கியங்களில் பெரும்பாலானவை இந்த வாலால் சிக்கலானவைதான்.

படி 1: வினைமுற்றைத் தேடுங்கள்

நீளமான வாக்கியம் வந்தால் முதல் சொல்லிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். பென்சிலை எடுத்து வினைச்சொற்களை எல்லாம் வட்டமிடுங்கள். அப்புறம் அவற்றில் எது முற்று, எது எச்சம் என்று பிரியுங்கள். பள்ளியில் தமிழ் இலக்கணத்தில் படித்த அதே பாகுபாடு இங்கே அப்படியே உதவும். 'படிக்க', 'படித்து', 'படித்த' ஆகியவற்றால் ஒரு தமிழ் வாக்கியத்தை முடிக்க முடியாது. அதுபோல ஆங்கிலத்தில் 'டு' ஒட்டிய வினை முற்று ஆகாது. துணைவினை இல்லாமல் தனியே நிற்கும் 'இங்' வினையும், துணைவினை இல்லாத மூன்றாம் வடிவமும் ('கோ, வென்ட், கான்' என்பதில் 'கான்') முற்று ஆகா.

"தி மேன் ஸ்டேண்டிங் நியர் தி கேட் ஆஸ்க்ட் மீ டு வெயிட்." இதில் மூன்று வினைகள் இருக்கின்றன. 'ஸ்டேண்டிங்' தனியே நிற்கிறது, எனவே எச்சம். 'டு வெயிட்' எச்சம். மிஞ்சுவது 'ஆஸ்க்ட்', அதுதான் முற்று. தமிழில் சொன்னால் 'கேட் பக்கத்தில் நின்ற ஆள் என்னைக் காத்திருக்கச் சொன்னார்'. நின்ற என்பது பெயரெச்சம், காத்திருக்க என்பது வினையெச்சம், சொன்னார் என்பது முற்று. மூன்றும் அச்சாகப் பொருந்துகின்றன.

படி 2: அந்த வினை யாருடையது?

தமிழ் வினை தன் எழுவாயைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். 'வந்தாள்' என்றாலே வந்தது ஒரு பெண் என்று தெரிகிறது. ஆங்கிலத்தில் அந்த வசதி கிட்டத்தட்ட இல்லை. நிகழ்காலத்தில் ஒட்டும் ஒரு 'எஸ்', 'இஸ்-ஆர்', 'வாஸ்-வேர்', 'ஹேஸ்-ஹேவ்' வித்தியாசம், அவ்வளவுதான். கொஞ்சமாக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"தி ப்ரைஸ் ஆஃப் தி வெஜிடபிள்ஸ் ஸோல்ட் இன் தீஸ் ஷாப்ஸ் ஹேஸ் கான் அப்." வினைக்கு மிக அருகில் நிற்பது கடைகள், அதற்கு முன்னால் காய்கறிகள். இரண்டும் பன்மை. ஆனால் வினையோ 'ஹேஸ்', அதாவது ஒருமை. அப்படியானால் ஏறியது விலைதான். இடையில் 'ஆஃப்', 'இன்' போன்ற சொற்களோடு வந்த பெயர்கள் எழுவாய் ஆகமாட்டா. அவற்றை அடைப்புக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தை முதலில் படியுங்கள்: விலை ஏறிவிட்டது. எலும்புக்கூடு கிடைத்துவிட்டால் சதையை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

படி 3: வினைமுற்று வேடம் போடும் சொற்கள்

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே தடுக்கி விழும் இடம் இது. மொழியை மனம் எப்படி உள்வாங்குகிறது என்று ஆராய்பவர்கள் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் பீவர் 1970இல் எழுதிய கட்டுரையால் அது பிரபலமானது: "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்."

படித்துக்கொண்டே போனால் 'குதிரை கொட்டகையைத் தாண்டி ஓடியது' என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. கடைசியில் 'ஃபெல்' வந்து நிற்கும்போது அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறோம். உண்மையான பொருள், 'கொட்டகையைத் தாண்டி ஓட்டிச் செல்லப்பட்ட குதிரை விழுந்தது'. 'ரேஸ்ட்' இங்கே ஓடியது அல்ல, 'ஓட்டப்பட்ட' என்னும் பெயரெச்சம். 'விச் வாஸ்' என்ற இரண்டு சொற்கள் விடுபட்டிருக்கின்றன.

ஏன் இந்தக் குழப்பம்? ஆங்கிலத்தில் பல வினைகளுக்கு இறந்தகால வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. தமிழில் 'ஓடியது' வேறு, 'ஓட்டப்பட்ட' வேறு. உருவத்திலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'சென்ட்', 'ஸோல்ட்', 'மேட்', 'ஃபவுண்ட்' எல்லாமே இரண்டு வேலைக்கும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. சந்தேகமான வினையை எடுத்துவிட்டு, இரண்டும் மூன்றும் வேறு வேறு வடிவமாக இருக்கும் ஒரு வினையை அங்கே வைத்துப் பாருங்கள். குதிரை வாக்கியத்தில், சவாரி செய்வதைக் குறிக்கும் 'ரைட், ரோட், ரிட்டன்' என்ற வினை பொருந்தும். 'ரோட்' வைத்தால் வாக்கியம் உடைகிறது. 'ரிட்டன்' வைத்தால் "தி ஹார்ஸ் ரிட்டன் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்" என்று சட்டென்று தெளிந்துவிடுகிறது. மூன்றாம் வடிவம்தான் பொருந்துகிறது என்றால் அது எச்சம், முற்று பின்னால் வரப்போகிறது என்று அர்த்தம்.

அலுவலகக் கடிதங்களில் இது நாள்தோறும் வரும். "தி லெட்டர் சென்ட் டு தி ஹெட் ஆபீஸ் கேம் பேக்" என்றால், தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. கடிதம் எதையும் அனுப்பாது என்ற நடப்பு அறிவும் இங்கே துணைக்கு வரும். அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

இன்னொரு வேடம், சொல்லே காணாமல் போவது. "தி பஸ் தி ஸ்டூடன்ட்ஸ் வேர் வெயிட்டிங் ஃபார் ப்ரோக் டவுன்." கமாவோ 'அண்ட்'டோ இல்லாமல் 'தி பஸ்', 'தி ஸ்டூடன்ட்ஸ்' என்று இரண்டு பெயர்கள் ஒட்டி நிற்கின்றன. அப்படி நின்றால் பெரும்பாலும் நடுவில் ஒரு 'தட்' விழுந்திருக்கிறது. அதை மறுபடி எழுதி வையுங்கள், வாக்கியம் வழிக்கு வரும்: மாணவர்கள் காத்திருந்த பஸ் வழியில் நின்றுவிட்டது.

இதே வாக்கியத்தில் 'ஃபார்' மட்டும் அநாதையாக நிற்பதைப் பாருங்கள். 'காத்திருந்த பஸ்' என்று சொல்லும்போது பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்களா, பஸ்ஸில் காத்திருந்தார்களா என்று தமிழ் பிரித்துக் காட்டுவதில்லை. கேட்பவர் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விடாது. உறவைக் காட்டும் சொல்லைக் கடைசியிலாவது நிறுத்திவைக்கும். எனவே தனியாகத் தொங்கும் 'ஃபார்', 'வித்', 'இன்', 'டு' எதைக் கண்டாலும் இடப்பக்கம் திரும்பி அதற்குரிய பெயரைத் தேடுங்கள். அது முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

படி 4: தலைகீழாக நிற்பவை

கேள்விக்குறி இல்லை, ஆனால் வாக்கியம் கேள்வி மாதிரி தொடங்குகிறது. அங்கேதான் நான் அன்று ஏமாந்தேன். 'இஃப்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் துணைவினையை முன்னால் தூக்கி வைக்கும் வழக்கம் இது. மூன்றே மூன்று சொற்கள்தான் பெரும்பாலும் இப்படி வரும்: 'ஷுட்', 'ஹேட்', 'வேர்'. "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்" என்றால், தெரிந்திருந்தால் வந்திருப்பேன். "வேர் ஐ இன் யுவர் ப்ளேஸ்" என்றால், உங்கள் இடத்தில் நான் இருந்தால். "ஷுட் யூ நீட் ஹெல்ப்" என்றால், உதவி தேவைப்பட்டால். மூன்றிலும் தமிழில் 'ஆல்' வருகிறது. வாக்கியத்தின் தொடக்கத்தில் இந்தச் சொற்களைப் பார்த்தீர்கள், முடிவில் கேள்விக்குறி இல்லை என்றால், உடனே மனதில் ஒரு 'ஆல்' போட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்மறைச் சொல்லோ 'ஒன்லி'யோ முன்னால் வந்தாலும் பல நேரம் இதே தலைகீழ் நடக்கும். "ஒன்லி ஆஃப்டர் தி ரெய்ன் ஸ்டாப்ட் டிட் வீ லீவ்": மழை விட்ட பிறகுதான் கிளம்பினோம். நம் 'தான்' செய்யும் வேலையை இங்கே 'ஒன்லி'யும் அந்தப் புரட்டலும் சேர்ந்து செய்கின்றன. "ஹார்ட்லி ஹேட் ஐ சேட் டவுன் வென் தி ஃபோன் ரேங்": உட்கார்ந்தேனோ இல்லையோ, போன் அடித்தது. 'நோ சூனர்' என்று தொடங்கினாலும் இதே பொருள்தான். என்ன, அங்கே 'வென்' இருக்கும் இடத்தில் 'தேன்' வரும்.

படி 5: இறந்தகால உருவம், ஆனால் இறந்தகாலம் அல்ல

"இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை எ ஹவுஸ்." முன்பு பணம் இருந்தது என்று பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். இப்போது பணம் இல்லை என்பதுதான் சேதி. ஆங்கிலம் இப்படிக் குழப்புகிறதே என்று அலுத்துக்கொள்ளும் முன் தமிழைக் கொஞ்சம் பாருங்கள். 'வந்தால்', 'இருந்தால்', 'படித்தால்' என்பவற்றில் இருப்பது வந்த், இருந்த், படித்த் என்னும் இறந்தகால அடிதான். 'நாளைக்கு மழை வந்தால்' என்று எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போதும் அதைத்தான் சொல்கிறோம். நடக்காத ஒன்றைக் கற்பனையில் நடந்ததாக வைத்துக்கொண்டு பேசுவது நமக்கும் பழக்கம்தான்.

'ஐ விஷ் ஐ நியூ' என்றால், எனக்குத் தெரிந்திருந்தால் நன்றாயிருக்குமே, ஆனால் தெரியவில்லை. 'இட்ஸ் டைம் வீ லெஃப்ட்' என்றால், கிளம்பிவிட்டோம் என்று பொருள் அல்ல. கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது, இன்னும் கிளம்பவில்லை. 'ஐ வான்டட் டு ஆஸ்க் யூ சம்திங்' என்று ஒருவர் வந்து நின்றால் அது நேற்றைய ஆசை அல்ல. 'உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்' என்று நாம் பணிவாகச் சொல்வோமே, அதேதான்.

படி 6: இல்லை எங்கே போய் ஒட்டுகிறது?

தமிழில் எதிர்மறை வினையோடு ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தில் அது எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரும். பெயரோடுகூட ஒட்டும். நம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு நல்ல எடுத்துக்காட்டு: "நோ பர்ஸன் ஷேல் பி டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் லைஃப் ஆர் பர்ஸனல் லிபர்ட்டி எக்ஸெப்ட் அக்கார்டிங் டு ப்ரொசீஜர் எஸ்டாப்ளிஷ்ட் பை லா." 'நோ பர்ஸன்' என்பதை அப்படியே தமிழாக்க முடியாது. அந்த 'நோ'வைப் பிடுங்கி வினையில் நடுங்கள்: யாருடைய உயிரும் தனிமனித சுதந்திரமும் பறிக்கப்படக் கூடாது. அடுத்து 'எக்ஸெப்ட்' ஒரு சிறிய கதவைத் திறந்துவிடுகிறது: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல். கடைசியில் நிற்கும் 'எஸ்டாப்ளிஷ்ட்' முற்று அல்ல, படி 3இல் பார்த்த வேடதாரி. ஒரே வரியில் எத்தனை படிகள் தேவைப்படுகின்றன பாருங்கள்.

"ஹி டிட் நாட் கம் அன்டில் சிக்ஸ்" என்றால் அவர் வரவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு மணிக்குத்தான் வந்தார். 'நாட்'டும் 'அன்டில்'லும் சேர்ந்தால் பெரும்பாலும் நம் 'தான்' கிடைக்கும். "ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்" என்றால் நான் யோசிக்கவில்லை என்று அல்ல, அவர் வரமாட்டார் என்று நினைக்கிறேன். "ஐ குடன்ட் அக்ரீ மோர்" என்பதைக் கேட்டு எதிரில் இருப்பவர் மறுக்கிறார் என்று முகம் வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்குமேல் ஒத்துக்கொள்ள இடமில்லை, அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன் என்பது பொருள். 'இதைவிடத் தெளிவா யாராலும் சொல்ல முடியாது' என்று நாம் பாராட்டுவதும் இதே கட்டுமானம்தான்.

"ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஆஃப் தி சாலரி" என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. சம்பளத்தை நினைத்து வேலையை விடாமல் இருந்தார் என்பது ஒன்று. வேலையை விட்டார், ஆனால் அதற்குக் காரணம் சம்பளம் அல்ல என்பது இன்னொன்று. வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய முடியாது. முன்பின் வரிகளைப் படித்தே ஆக வேண்டும்.

பேச்சில் இன்னும் பெரிய தடை ஒன்று இருக்கிறது. 'நீங்க சாப்பிடலையா?' என்றால் 'ஆமாம், சாப்பிடலை' என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த 'ஆமாம்'. ஆங்கிலத்தில் "டிடன்ட் யூ ஈட்?" என்று கேட்டால், சாப்பிடவில்லை என்றால் 'நோ', சாப்பிட்டிருந்தால் 'எஸ்'. கேள்வி எப்படி இருந்தாலும் உண்மை நிலவரத்துக்குத்தான் பதில். அதோடு "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், உட்காரச் சொல்ல 'நோ' என்றுதான் பதில் தர வேண்டும். அவர் கேட்டது 'உங்களுக்கு ஆட்சேபம் உண்டா' என்று. நாம் சிரித்த முகத்தோடு 'எஸ்' என்றால் அவர் தயங்கி நின்றுவிடுவார்.

படி 7: கமா எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

"மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டாக்டர்." கமா இல்லை. எனக்குப் பல சகோதரர்கள், அவர்களில் மதுரையில் இருப்பவர் டாக்டர். 'பிரதர்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு கமாவும் 'மதுரை'க்குப் பின் ஒரு கமாவும் போட்டால், எனக்கு ஒரே சகோதரர்தான், அவர் மதுரையில் இருப்பது கூடுதல் தகவல். தமிழில் 'மதுரையில் இருக்கும் என் தம்பி' என்ற ஒரே தொடர் இரண்டுக்கும் வரும் என்பதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் எளிதில் படாது. தேர்வுகளில் இதை வைத்துக் கேள்வி வரும். ஒப்பந்தங்களில் இதை வைத்துப் பணமே கைமாறும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று சட்டம் ஒரு பட்டியல் தந்திருந்தது. பட்டியலின் கடைசிப் பகுதி, "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்". 'ஷிப்மென்ட்'டுக்குப் பிறகு கமா இல்லை. அனுப்புவதற்காகவோ வினியோகத்துக்காகவோ பொட்டலம் கட்டுவது என்று ஒரே வேலையா? இல்லை, பொட்டலம் கட்டுவது ஒன்று, வினியோகம் தனி என்று இரண்டு வேலையா? ஓட்டுநர்கள் வினியோகம் செய்தார்கள், பொட்டலம் கட்டவில்லை. ஒரே வேலை என்றால் அவர்கள் வேலை அந்தப் பட்டியலில் வராது, ஓவர்டைம் உண்டு. பட்டியலில் மற்ற வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடியும்போது 'டிஸ்ட்ரிப்யூஷன்' மட்டும் அப்படி முடியவில்லை, ஆகவே அது தனி வேலை அல்ல என்றும் அவர்கள் வாதிட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை என்று சொல்லி அவர்கள் பக்கம் நின்றது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. நான் மாணவர்களுக்கு இதை எப்போதும் சொல்வதற்குக் காரணம் கமா மட்டுமல்ல. ஒரு பட்டியலின் உருப்படிகள் எல்லாம் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்ற அந்த 'இங்' வாதத்தை நீங்கள் எந்த வாக்கியத்திலும் பயன்படுத்தலாம். 'அண்ட்', 'ஆர்' வந்தால், அதற்கு வலப்பக்கம் இருப்பதைப் போன்ற வடிவம் இடப்பக்கத்தில் எது என்று தேடுங்கள். எவை எவை ஜோடி என்று தெரிந்துவிடும்.

சில சில்லறைச் சிக்கல்கள்

'ஹி யூஸ்ட் டு டிரைவ்' என்றால் முன்பெல்லாம் ஓட்டுவார். 'ஹி இஸ் யூஸ்ட் டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழகியவர். 'இட் இஸ் யூஸ்ட் டு கட்' என்றால் வெட்டப் பயன்படுவது. 'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்றால் இன்னொருவரை வைத்து முடி வெட்டிக்கொண்டேன்.

ஆங்கிலப் பேப்பர் படித்தால் ஆங்கிலம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். படியுங்கள், ஆனால் தலைப்பிலிருந்து இலக்கணம் கற்காதீர்கள். தலைப்பில் துணைவினைகள் விழுந்துவிடும். "டூ ஹெல்ட் ஃபார் தெஃப்ட்" என்றால் திருட்டு வழக்கில் இருவர் கைது. "சி.எம். டு விசிட் சேலம்" என்றால் முதல்வர் சேலம் செல்லவிருக்கிறார். நேற்று நடந்ததையும் நிகழ்காலத்தில் எழுதுவார்கள். செய்திக்குள் இருக்கும் முதல் பத்தி, கற்க நல்ல இடம்.

இப்போது எல்லாப் படிகளையும் ஒரே வாக்கியத்தில்

இந்திய அரசமைப்பின் முகப்புரை முழுவதும் ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் 85 சொற்கள். நோட்டில் முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள். முற்றைத் தேடினால் கடைசி வரை போக வேண்டியிருக்கும்: "டூ ஹியர்பை அடாப்ட், எனாக்ட் அண்ட் கிவ் டு அவர்செல்வ்ஸ் திஸ் கான்ஸ்டிட்யூஷன்." மூன்று முற்றுகள், முன்னால் அழுத்தத்துக்கு ஒரு 'டூ'. அவை யாருடையவை? முதல் சொல்லுக்குத் திரும்புங்கள்: "வீ, தி பீப்பிள் ஆஃப் இண்டியா." எழுவாய்க்கும் முற்றுக்கும் இடையே 70 சொற்கள். அவற்றை எல்லாம் அடைப்புக்குள் போட்டால் எலும்புக்கூடு வருகிறது: இந்திய மக்களாகிய நாம் இந்த அரசமைப்பை நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்.

இனி நடுவில் இருப்பது. 'ஹேவிங் ரிசால்வ்ட்' என்பது 'உறுதிபூண்டு' என்ற வினையெச்சம். எதற்கு உறுதிபூண்டு? 'டு கான்ஸ்டிட்யூட்', 'டு செக்யூர்', 'டு ப்ரமோட்' என்று ஒரே சாயலில் மூன்று: குடியரசாக அமைக்க, நீதியும் சுதந்திரமும் சமத்துவமும் கிடைக்கச் செய்ய, சகோதரத்துவத்தை வளர்க்க. 'அஷ்யூரிங்' என்பது அந்தச் சகோதரத்துவத்தின் பின்னால் தொங்கும் வால். தமிழில் அது முன்னால் வந்து 'தனிமனித மாண்புக்கும் நாட்டின் ஒற்றுமைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிதரும் சகோதரத்துவம்' என்று ஆகிவிடும். பிறகு இடமும் நாளும்: நம் அரசமைப்புப் பேரவையில், 1949 நவம்பர் 26 அன்று.

எழுவாய் தொடக்கத்தில், எச்சங்கள் நடுவில், முற்று கடைசியில். 85 சொல் நீளமுள்ள அந்த ஆங்கில வாக்கியம் தமிழ் வாக்கியம் நடக்கும் அதே வரிசையில்தான் நடக்கிறது. கீழே நீங்களே தமிழில் எழுதிப் பாருங்கள். 'இந்திய மக்களாகிய நாம்' என்று தொடங்கி, 'ஏற்று, இயற்றி, நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்' என்று முடியுங்கள்.